தாதுக்குடம் வேண்டி ஈந்தூர் விடுத்த ஓலை

செங்கோரையாற்றின் வடகரை முழுதும் ஆள்பவரும், உப்பளத்துக்கும் மீன்துறைக்கும் உரியவரும், மணற்குன்றத்து ஈந்தஞ்சோலையின் காவலருமாகிய கோமகனார் இளவேட்டனார் திருமுன்பு, தென்கரை ஈந்தூர் அரசவையின் ஓலைநாயகம் காரி அழிசி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் வலை நிறைக. தங்கள் பாத்திகளில் உப்பு வெளுத்து விளைக. தங்கள் மனையில் பிறந்திருக்கும் பெண்மகவு நீடு வாழ்க. அக்குழந்தையின் பெயர் இக்கரையில் ஒருவருக்கும் தெரியாமையால் பெயர் சொல்லி வாழ்த்த இயலாத குறையைப் பொறுத்தருள்க.

தங்கள் தமையனாரும் எங்கள் மன்னருமாகிய நெடுங்கோடனார் கட்டளைப்படி இது எழுதப்படுகிறது. முன்னர் வந்த இரண்டு ஓலைகளும் இதே கையால் எழுதப்பட்டவையே. அவற்றில் இருந்த மிடுக்கு இதில் இல்லை. மிடுக்கைத் தின்று பசியாற முடியாது என்பதை ஈந்தூர் இப்போது நன்றாக அறிந்திருக்கிறது.

தந்தையார் மறைந்து நாடு இரண்டாகப் பிரிந்த நாளில் நடந்தது தங்களுக்கு மறந்திராது. நல்ல மண் தென்கரையில் இருந்ததால் முன்னோர் ஈந்தில், அதாவது பேரீச்சையில், காய்க்கும் பெண்மரங்களை அங்கே வைத்தனர். ஒரு நாளும் காய்க்காத ஆண்மரங்களை வடகரை மேட்டில் வைத்தனர். மன்னர் காய்க்கும் மரங்கள் யாவையும் தமக்கு எடுத்துக்கொண்டு, காய்க்காதவற்றைத் தம்பிக்கு அளந்துவிட்டார். நிழலுக்காவது ஆகும் என்று கூறிச் சிரிக்கவும் செய்தார். அரசவை முழுதும் சேர்ந்து சிரித்தது. இவ்வோலை எழுதுபவனும் அன்று பல்லைக் காட்டியவர்களுள் ஒருவன்.

பெண்பாளை வெடிக்கும் பருவத்தில் வடகரையார் ஆண்பூவின் தாதை மண்குடங்களில் ஏந்தி, மாப்பிள்ளை வீட்டாராக முரசு முழங்க ஆறு கடந்து வருவது தொன்றுதொட்ட வழக்கம். ஈந்தூர் அரசியார் விளக்கேந்தி எதிர்கொள்வார். மரமேறிகள் ஒவ்வொரு மரத்திலும் ஏறி, வெடித்த பாளைக்குள் தாதைத் தூவி, ஆண்பூக் கதிரொன்றைச் செருகி நாரால் கட்டி இறங்குவர். பிறகு விருந்து, பாட்டு, கேலி. மாப்பிள்ளைக்கு உயரம் போதாது என்று பெண்வீட்டார் பாடுவதும், பெண்ணுக்குத் தலைமயிர் கூடுதல் என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பிப் பாடுவதும் ஊரே கூடிக் கேட்கும் விளையாட்டு. அது விளையாட்டு மட்டுமே என்று நாங்கள் எண்ணிவிட்டோம். எங்கள் கேடு அங்கேதான் தொடங்கிற்று.

நாடு பிரிந்த மறுபருவத்தில், தம்பியின் ஆட்கள் முரசறைந்து தம் கோட்டைக்குள் நுழைவதை மன்னர் பொறுக்கவில்லை. குலை தள்ளுவது மரத்தின் வலிமையாலும் ஆற்றின் நீராலுமே அன்றி, வடகரையார் கூத்தினால் அன்று எனக் கூறித் துறையை அடைத்தார். ஆயினும் திருவிழா இல்லாவிட்டால் மக்கள் முகம் வாடுமென்று, தம் ஆட்களையே மாப்பிள்ளை வீட்டாராக நிறுத்தினார். குடங்களில் தாதுக்குப் பதிலாக மஞ்சள்பொடியை நிரப்பினார். மரமேறிகள் அதையே பாளைதோறும் தூவினர். தாதும் மஞ்சள் நிறம், பொடியும் மஞ்சள் நிறம். பார்த்த கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வாண்டுத் திருவிழா முன்னெப்போதையும்விடச் சிறப்பென்று ஊரார் மெச்சினர்.

பின்பு காய்கள் சுண்டைக்காய் அளவில் நின்றுவிட்டன. கொட்டை வைக்கவில்லை, சதை பிடிக்கவில்லை, பச்சையாகவே உதிர்ந்தன. மன்னர் நீரைக் குற்றம் சொல்லி வாய்க்கால் வெட்டினார். மண்ணைக் குற்றம் சொல்லி எரு கொட்டினார். கடைசியில் தோட்டத் தலைவரைக் குற்றம் சொல்லிச் சிறையில் இட்டார். மறு ஆண்டும் மஞ்சள் தூவினோம். மறு ஆண்டும் அதே சூம்பிய காய்.

ஆற்றின்மேல் சாய்ந்து, எதிர்க்கரைக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும் மரமொன்று எங்கள் எல்லையில் உண்டு. அதில் மட்டும் சில பழங்கள் முற்றியிருப்பதை மன்னரே கண்டார். ஒன்றைப் பறித்துப் பிளந்தார். உள்ளே முழுக் கொட்டை இருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆற்றுமணலில் அமர்ந்தவர் வெயில் சாயும்வரை எழவில்லை. தேடிச் சென்ற அரசியார் நல்லினியாரிடம், மணமகனை வாயிலில் நிறுத்திக் கதவடைத்துவிட்டு, மஞ்சளைப் பூசியே மணம் முடித்து வைத்த மூடன் தாமே என்று கூறினார். தோட்டத் தலைவர் அன்றே விடுவிக்கப்பட்டார். மன்னர் அவரிடம் நேரில் மன்னிப்பும் கேட்டார்.

அதன் பின்னர்தான் முதல் ஓலை தங்களுக்கு வந்தது. பெண்மரங்களில் பாதியைத் தருவதாகவும், ஆண்மரங்களில் சிலவற்றைத் தர வேண்டுமென்றும் கேட்டிருந்தோம். பயனற்றவை என்று அண்ணனார் தம் வாயாலேயே அளந்து கொடுத்த மரங்களை அவருக்கே திருப்பித் தருவது அவமரியாதை ஆகும் என்று மறுமொழி விடுத்தீர்கள். அவையில் அதைப் படித்தபோது ஒருவரும் தலை நிமிரவில்லை. இரண்டாம் ஓலைக்குத் தாங்கள் அதுவும் எழுதவில்லை. மன்னரே துறைக்கு வந்து காத்திருந்த நாளிலும் தங்கள் படகு அக்கரையை விட்டு அசையவில்லை.

இனிச் சொல்வதை ஒளிக்க விரும்பவில்லை. சென்ற பருவத்தில் தங்கள் சோலைக்குள் புகுந்து ஆண்பாளை திருடியவர்கள் எங்கள் ஆட்களே. பொறையன் என்னும் மரமேறி பூக்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வெள்ளத்தில் நீந்தி வந்தான். நடு ஆற்றில் சுழலில் சிக்கினான். கட்டு கரை சேர்ந்தது, அவன் சேரவில்லை. நீரில் நனைந்த தாது எதற்கும் ஆகாது என்று தெரிந்தும், மன்னர் தாமே மரமேறி அதைப் பாளையில் வைத்துக் கட்டினார். அந்த மரமும் காய்க்கவில்லை. பொறையன் மனைவி அரண்மனை வாயிலில் வந்து நின்று, தன் கணவன் எதற்காகச் செத்தான் என்று மட்டும் கேட்டாள். 

இப்போது ஈந்தூரில் களஞ்சியம் பெருக்கித் துடைத்த நிலையில் இருக்கிறது. பழைய கொட்டைகளை இடித்துக் கூழ் காய்ச்சுகிறார்கள். குழந்தைகள் உதிர்ந்த பச்சைக் காயை மென்று வயிறு வலித்துக் கிடக்கிறார்கள். மேற்கே வறண்ட நிலத்தைக் கடந்து போன குடும்பங்களில் எவை பிழைத்தன என்று தெரியாது. போகாதவர்கள் போக வலுவில்லாதவர்கள். இந்நிலையில் நேற்றுக் காலை தெற்குத் தோப்பில் முதல் பாளை வெடித்தது. வெடித்த பாளை சில நாட்களே தாதை ஏற்கும். அதற்குப் பின் உலகத்துத் தாதையெல்லாம் கொட்டினாலும் பூ அதை உள்ளே விடாது. மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறந்து நிற்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதன்றி எங்களால் ஆவது ஒன்றுமில்லை. இந்தப் பருவமும் தவறினால் அடுத்த பருவத்தில் பாளை வெடிப்பதைப் பார்க்க ஈந்தூரில் ஆள் இராது.

ஆகவே மன்னர் கட்டளை இது. பிரிவினை ஓலை கிழிக்கப்பட்டது. மரங்களைத் தாங்கள் விரும்பியவாறு பிரித்துக்கொள்க. துறை திறக்கப்பட்டது, காவலர் விலக்கப்பட்டனர். தங்கள் மக்கள் முரசோடு வரலாம், படையோடும் வரலாம். தாதுக்குடத்தோடு வந்தால் போதும். பொறையனும் மற்றவர்களும் செய்த திருட்டுக்கு ஈடாக, இவ்வோலை கொண்டுவரும் மரமேறியைத் தங்கள் சோலையில் அடிமையாக நிறுத்திக்கொள்க. அவன் திரும்பி வர வேண்டியதில்லை. தாது வந்தால் போதும்.

இதுவரை எழுதியவை மன்னர் அறிய, அவர் கட்டளைப்படி எழுதியவை. இனி வருவது ஓலைநாயகம் தன் பொறுப்பில் சேர்ப்பது. இதற்காகத் தலை போகுமாயின் போகட்டும்.

இவ்வோலையில் அரச முத்திரை பொறிக்கப்படவில்லை. முத்திரை மோதிரம் ஓலை கொண்டுவருபவரின் இடுப்புத் துணியில் முடிந்திருக்கிறது. தம் முகம் கண்டால் தாங்கள் கதவடைப்பீர்கள் என்று அஞ்சி, தலையை மழித்து, மரமேறியின் உடையில் அவர் வருகிறார். தம்மை யாரென்று சொல்லக் கூடாதென்று எங்களிடம் ஆணை வாங்கிக்கொண்டார். சில நாட்களாகத் தம் பங்குக் கூழையும் பொறையன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டதால், தங்கள் வாயிலில் நெடுநேரம் நிற்க அவருக்கு வலு இராது.

கோமகனார் தம் ஏவலர்க்கு இட வேண்டிய கட்டளையாக, ஈந்தூர் அவை கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றே: மறுப்பதாயினும், வாயிலில் நிற்பவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். அவர் தங்கள் அண்ணன்.