காலை எடும்வே, அதுல ஆக்சிலேட்டர் இல்ல

கண்டக்டரே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் நல்லெண்ணெய் சூடாகிக்கொண்டிருக்கிறது. அதில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசனை வாசல்வரை வந்துவிட்டது. எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் சனிக்கிழமையான நேற்றே எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு என்னைப் பார்த்தால் இன்னும் சிரிப்புத்தான். "என்ன டிரைவரே, நீரு மட்டும் கிழமை மாத்திக் குளிக்கீரு?" என்கிறார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? என் கிழமையை மாற்றியது நீர். இந்த வாசனை மூக்கில் ஏறினால் உம் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

நேற்று நான் மறுபடியும் வண்டி எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்துதான் வருவேன். ஓடுகிற வண்டியில் நடுவழியில் தொற்றி ஏறுகிறவர்களை உமக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் நாம் பதினொரு வருடம் ஒன்றாக ஓடினோம். நான் முன்னால், நீர் பின்னால். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செய்கிற வேலை. உம் விசில்தான் நமக்குள் பேச்சு. ஒற்றை விசில் என்றால் நிற்கணும், டபுள் விசில் என்றால் போகலாம். நீர் ஊதுகிற தினுசிலேயே அன்றைக்கு உம் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி அதே அளவுக்கு உமக்கும் தெரியும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தின் நடுவில் என் நெஞ்சு இறுகியது. ஸ்டியரிங்கில் இருந்த கை இரண்டும் நனைந்து வழுக்கின. மூச்சு போதவில்லை, கண்ணுக்கு முன்னால் பாலம் நீண்டுகொண்டே போனது. செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எப்படியோ ஓரமாக வண்டியை நிறுத்தினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூக்கூடைப் பெண்களுமாக வண்டி நிறைய ஆள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"இன்ஜின் சூடாயிட்டும்மா. ரெண்டு நிமிசம் பொறுங்க, யாரும் எறங்காதிய" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தீர். என் தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "மூச்ச விடும்வே. இழுத்துக்கிட்டே இருக்கீரு, விடவே மாட்டேங்கீரு" என்றீர். சாயங்காலமே என்னை இழுத்துக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுக்கவைத்தீர். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த மாதத்தில் அதே பாலத்தில் இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும், வெளியே சொல்ல வேண்டாம் என்று உம்மைக் கெஞ்சினேன். பைத்தியக்காரன் கையில் பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம் எனக்கு. நீர் கொஞ்சமும் அசைந்துகொடுக்கவில்லை. "அறுவது பேரு உம்ம நம்பி உக்காந்திருக்காவ. நாளைக்கு டெப்போல நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?" என்றீர்.

நானே சொன்னேன். வண்டியை விட்டு இறக்கி, பஸ் வந்துபோகிற டைம் எழுதுகிற வேலைக்கு என்னை மாற்றினார்கள். நாலு நாள் உம்மோடு பேசவில்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டான் என்று வீட்டில் வைதேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி காப்பி கேட்டீர்.

பாளையங்கோட்டையில் மனநல டாக்டரிடம் என்னோடு வந்ததும் நீர்தான். இது பதற்ற நோய், பைத்தியம் ஒன்றும் கிடையாது என்று அவர் விளக்கினார். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒரு நாள் உட்காரவைத்துப் பேசினார். பிறகு, நியூரோஃபீட்பேக் என்று ஒரு மூளைப் பயிற்சி இருக்கிறது, மந்திரம் எல்லாம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்று சொல்ல மாட்டேன், இந்தச் சிகிச்சையை விடாமல் கூடவே அதையும் செய்து பார்க்கலாம் என்றார். "பாத்துருவோம்" என்று எனக்கு முந்தி நீர் சொன்னீர்.

ஸ்டேஷனரிக் கடை மாடியில் சின்ன அறை. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. பசை தடவித் தலையிலும் காதிலும் ஒயர் ஒட்டுவாள். "ஷாக் வைப்பியளாம்மா?" என்று நீர் கேட்டதும் சிரித்துவிட்டாள். உள்ளே ஒன்றும் போகாது, மூளையில் ஓடுகிற அலைகளைப் படிக்க மட்டும்தான் செய்யும் என்றாள். எதிரே திரையில் ஓர் ஆறு, அதில் ஒரு படகு. மூளை இளகினால் படகு ஓடும். இறுகினால் மூடுபனி வந்து படகு நின்றுவிடும். இப்படி அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து, இளகுகிற வழியை மூளை தானாகவே பழகிக்கொள்ளுமாம்.

முதல் நாளே கூத்து. அது சனிக்கிழமை. மண்டை குளிர்ந்திருந்தால் மெஷின் நன்றாகப் படிக்கும் என்று நீர் என் வீட்டுக்காரியிடம் போன் போட்டுச் சொல்ல, அவளும் அரைக்கிண்ணம் எண்ணெயை என் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். சீயக்காய் போட்டும் பாதி போகவில்லை. அந்தப் பெண் ஒட்டுகிறாள், ஒயர் வழுக்குகிறது. திரையில் கோடெல்லாம் விளக்குமாற்றைப் பிரித்துப் போட்ட மாதிரி எகிறுகிறது. என் மூளை கெட்டே போய்விட்டது என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, தலையில எண்ணெயா?" என்றாள் அவள்.

நீர் உடனே எழுந்தீர். கீழே போய் நாலு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தீர். என்னைக் குழாயடியில் குனியவைத்து, டெப்போவில் பஸ் கழுவுகிற மாதிரி மூன்று தடவை கழுவினீர். "ஏம்மா, இப்பம் படிக்குதா?" என்று பத்துச் சனிக்கிழமை விடாமல் கேட்டீர். அன்றைக்கு மாறியதுதான் என் எண்ணெய்க் குளியல். பயிற்சி முடிந்தும் கிழமையைத் திருப்பி மாற்ற மனசு வரவில்லை.

ஒயர் ஒட்டியது, படகுதான் ஓடவில்லை. நான் பல்லைக் கடித்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ளத் தள்ளப் பனி மூடியது. மூன்றாவது வாரம், பின்னால் ஸ்டூலில் இருந்த நீர் எழுந்து வந்து என் வலது காலைத் தட்டினீர். நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! "காலை எடும்வே, அதுல ஆக்சிலேட்டர் இல்ல" என்றீர். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்து திரையைப் பார்த்தால் படகு பைய நகர்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பிடி கிடைத்தது. கால்விரலைத் தளர்த்தினால் தொடை தளரும், தொடை தளர்ந்தால் நெஞ்சு விடும். இருபது வருடம் வண்டி ஓட்டிய உடம்பு, அதற்குக் காலிலிருந்துதான் எதுவும் ஏறும்போலிருக்கிறது.

கடைசி வாரங்களில் ஒரு நாள் அவள் வேடிக்கையாக உம்மை உட்காரச் சொன்னாள். நீர் உட்கார்ந்தால் படகு பறக்கும் என்று நான் பந்தயம் கட்டாத குறை. உமக்கும் அதே தெம்பு, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தீர். படகு ஓர் அங்குலம் நகரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரே பனி.

மாடிப்படி இறங்கும்போது எவ்வளவு கேலி செய்தேன்! நீர் சிரிக்காமல், பாதிப் படியில் நின்றுகொண்டு சொன்னீர். "உம்ம கூட வரும்போது பாலம் வந்துட்டா நான் ஆத்தைப் பாக்க மாட்டேன்வே. உம்ம முதுகத்தான் பாப்பேன். நீரு வண்டிய நிறுத்துததுக்கு ரெண்டு மாசம் முந்தியே உம்ம தோளு ரெண்டும் காதுகிட்ட ஏற ஆரம்பிச்சிட்டு. அதாம் பாலத்துக்கு முந்தி டபுள் விசில் குடுப்பேன். விசில் கேட்டா உம்ம தோளு எறங்கும். இல்லன்னா எனக்குக் கால் நடுங்கும்."

பாலத்தின் கைப்பிடிச்சுவர் தொடங்குகிற இடத்தில் ஸ்டாப் கிடையாது. அங்கே சின்னதாக ஒரு டபுள் விசில் கேட்கும். வாய் பழகிப்போய் ஊதுகிறீர் என்று நினைத்திருந்தேன். பயமே இல்லாத ஆள் என்று உம்மை நினைத்ததும் அப்படித்தான். நீர் பயந்துகொண்டேதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்.

"மறுபடி நீரு வண்டி எடுக்குத முதல் டிரிப்புக்கு நாந்தான் கண்டக்டர்" என்றீர். என் உடல்தகுதிச் சான்று வருவதற்கு மூன்று வாரம் முன்பு, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டதாம். என்னை இழுத்துப்போய் இ.சி.ஜி. எடுத்த மனுஷன் உம் நெஞ்சுக்கு ஒரு நாளாவது எடுத்தீரா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குத் தனியாகப் போனேன். ஸ்டூல் காலியாக இருந்தது. படகு நின்ற இடத்திலேயே நின்றது. "இன்னைக்கு ஓடாட்டாப் பரவால்ல அண்ணாச்சி, சும்மா இருங்க" என்றாள் அந்தப் பெண். சும்மா இருந்தேன். தலையில் ஒயரோடு ஓவென்று அழுதேன். அழுது முடித்த பிறகு மூச்சு தானாக வெளியே போனது, படகும் நகர்ந்தது. நீர் இல்லாமலும் அது நகரும் என்று கண்டுகொண்டது எனக்குத் தெம்பாகவும் இருந்தது, உமக்குத் துரோகம் செய்த மாதிரியும் இருந்தது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். டாக்டர் சரி என்றார், டெப்போவில் ஒரு வாரம் பக்கத்தில் ஆளை வைத்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு நேற்றுத்தான் நம் பழைய ரூட்டில் பயணிகளோடு முதல் டிரிப். புதிதாக வந்திருக்கிற பெண் கண்டக்டர், நல்ல சுறுசுறுப்பு. ஜங்ஷனில் டபுள் விசில் கொடுத்தாள், கிளம்பினோம். கைப்பிடிச்சுவர் வந்தது. பின்னால் சத்தம் இல்லை. என் தோள் ஏறுவது எனக்கே தெரிந்தது, உள்ளங்கை ஈரமானது. ஷூவுக்குள் கால்விரல் மடங்கிக்கொண்டது. விரலைத் தளர்த்தினேன், மூச்சை விட்டேன். அப்புறம் உதட்டைக் குவித்து நானே இரண்டு தடவை சின்னதாக விசிலடித்தேன். தோள் இறங்கியது. பாலம் அதன் நீளத்துக்குத்தான் இருந்தது, அதற்கு மேல் நீளவில்லை. பாளையங்கோட்டையும் வந்துவிட்டது.

சீவலப்பேரியில் டீ குடிக்கும்போது, "என்னண்ணே, பாலத்துல நீங்களே விசிலடிக்கிய?" என்று அந்தக் கண்டக்டர் பெண் கேட்டாள். முன்பென்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். நேற்று மறைக்கவில்லை. "எனக்கு அந்தப் பாலத்துல பயம் வரும்மா. வரும், போயிரும். வண்டிய விட மாட்டேன்" என்றேன். உம்மைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

திரும்பி வரும்போது வண்டி நிறையக் கூட்டம். கைப்பிடிச்சுவர் தொடங்கியது. நான் உதட்டைக் குவிப்பதற்குள், யாரும் ஏறாத, யாரும் இறங்காத அந்த இடத்தில், பின்னாலிருந்து சின்னதாக ஒரு டபுள் விசில் வந்தது.