இடது பின் போல்ட்

மார்ச் 4, செவ்வாய்

பத்து வருஷமாக வண்டிக்குக் கீழேயே காலம் தள்ளிய மெக்கானிக்கை இன்று வண்டிக்குள்ளே உட்கார வைத்தார்கள். பக்கத்து இருக்கையில் மணல் மூட்டைக்குப் பதிலாக ஓர் ஆள் வேண்டுமாம். "எண்பத்தஞ்சு கிலோ ஆள் யாரு இருக்கா?" என்று தலைமை இன்ஜினியர் கேட்டதும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தராவது யோசிக்கிற மாதிரி நடித்திருக்கலாம். தொண்ணூற்றிரண்டு என்று நானும் திருத்தவில்லை.

ஓட்டியது ஸ்டாப்வாட்ச். எங்கள் பரிசோதனை ஓட்டுநர். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட எத்தனை நிமிஷத்தில் சாப்பிட்டாள் என்று சொல்லும் பெண், அதனால் அந்தப் பெயர்.

சாதாரண வண்டியில் ஸ்பிரிங் இருக்கும். ரோடு குத்தினால் அமுங்கும், அவ்வளவுதான் அதன் அறிவு. எங்கள் புது வண்டியில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி எண்ணெய் பம்ப். எந்தக் காலைத் தூக்குவது, எதை அழுத்துவது என்று கம்ப்யூட்டர் நொடிக்கு ஆயிரம் முடிவு எடுக்கிறது. நான் வீட்டில் வாரத்துக்கு ஒரு முடிவு எடுக்கவே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

ஓடுதளத்தின் இரட்டை வளைவில் நூற்று நாற்பதில் திருப்பினாள். என் வயிறு இடது பக்கம் போனது. வண்டி போகவில்லை! மேஜை மேல் தள்ளிய இஸ்திரிப் பெட்டி மாதிரி, தட்டையாக, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் 51.6 நொடி. நான் சின்னப் பையன் மாதிரிக் கத்தினேனாம். பதிவில் இருக்கிறதாம். அழிக்க மாட்டார்களாம்.

28-ம் தேதி நிர்வாகத்திலிருந்து வருகிறார்கள். பிடித்தால் இந்தக் கம்ப்யூட்டர் சஸ்பென்ஷனோடு வண்டி விற்பனைக்குப் போகும். இல்லாவிட்டால் பழைய ஸ்பிரிங்கே போதும் என்று மூடிவிட்டு, எங்கள் பத்தொன்பது பேரையும் மூலைக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கதவுப் பிடி மாட்டும் பிரிவு என்று பேச்சு.

மார்ச் 6, வியாழன்

எடை குறைந்த புது லோயர் ஆர்ம் வந்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கிற கை அது. பின்னால் இடது பக்கம் மாட்டி முடித்தேன். வலது நாளைக்கு. முதுகு வலி.

மார்ச் 10, திங்கள்

ஸ்டாப்வாட்ச் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமே சரியில்லை.

"அண்ணே, இது வேற வண்டி. வலது வளைவுல பின்னாடி இடது காலு ஒரு கணம் யோசிக்குது. அப்புறம் திடீர்னு குதிக்குது. பயந்து ஆக்ஸிலேட்டர விட்டுட்டேன்."

அவள் பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் 53.2 நொடி.

வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் தம்பி மடிக்கணினியைத் திறந்தான். "புது ஆர்ம் எடை கம்மி. கணக்க அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். ரெண்டு நாள் குடுங்க."

நானும் பெரிய மேதை போல ஆமாம் போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி இன்றும் வேலையில்தான். "அங்கயே குடித்தனம் பண்ணிக்கோ" என்று அவன் மனைவி போனை வைத்துவிட்டாளாம்.

மார்ச் 21, வெள்ளி

நாற்பத்து மூன்றாவது தடவை கணக்கு மாற்றியாகிவிட்டது. வலது வளைவு கொஞ்சம் தேறினால் இடது வளைவு கெடுகிறது. "இப்படியே இருந்தா 28-ம் தேதி நானே ஸ்பிரிங் போடச் சொல்லிடுவேன்" என்றார் தலைமை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

மார்ச் 25, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

மகள் பள்ளியில் நாலு மணிக்குப் பெற்றோர் கூட்டம். புது பேண்ட். பெல்ட்டை அவள்தான் இழுத்தாள். "அப்பா, மூச்ச உள்ள இழு. இன்னும். இன்னும்ப்பா! ம்... இப்பதான் மனுஷன் மாதிரி இருக்க." நின்றபோது ராஜா மாதிரிதான் இருந்தேன். வகுப்பில் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேனோ இல்லையோ, பெல்ட் கடிக்க ஆரம்பித்தது. டீச்சர் கணக்கு மார்க்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நெளிகிறேன். நின்னுக்கிட்டு இறுக்கினது, உட்கார்ந்தா கடிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன் —

அப்படியே உறைந்துபோனேன்.

"சார், ஏன் இப்படி முழிக்கிறீங்க? மார்க் அவ்வளவு மோசமில்லையே" என்றார் டீச்சர்.

அந்த ஆர்ம் முனையில், போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் என்ற வளையம் இருக்கிறது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டை முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு எந்நேரமும் இழுக்கும். பம்ப் ஒரு பக்கம் தள்ள, ரப்பர் மறுபக்கம் இழுக்க, பாவம் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இதை எத்தனை பேருக்குக் கத்திச் சொல்லியிருக்கிறேன்!

ஆறாம் தேதி, வண்டியைச் சக்கரத்தோடு நிறுத்தித் தூக்கும் தட்டு லிஃப்டில் வேறு வண்டி நின்றது. தரையில் வைத்துச் செய்யலாம் என்றால் இது பந்தய வண்டி மாதிரித் தாழ்ந்த வண்டி, அடியில் நாலு விரல் இடம். என் தொப்பை நுழையவில்லை. தொங்க விட்டபடியே முறுக்கினேன். அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு. மறுநாள் தட்டு லிஃப்ட் கிடைச்சுது, வலது பக்கத்த ஒழுங்கா செஞ்சேன். இடது பக்கம்? மறந்தே போச்சு. மடையா. மடையா.

காலையில் முதல் ஆளாகப் போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? — ஆனால் கோணல் காலுக்கு ஏற்றபடி நாற்பத்து மூன்று தடவை மாற்றிய கணக்கு அது. காலை நிமிர்த்தினால் கணக்கு கோணலாகிவிடும். சொல்லாமல் முடியாது.

மனைவியிடம் சொன்னேன்.

"சொன்னா வேலை போயிடுமாங்க?"

"போகலாம்."

"சொல்லலேன்னா?"

"வண்டி போயிடும்."

"அப்புறம் என்ன யோசனை? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம். முதல்ல அந்த பெல்ட்டக் கழட்டுங்க, பார்க்கவே மூச்சு முட்டுது."

மார்ச் 26, புதன்

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். தொப்பை உட்பட.

தம்பி எழுந்தே விட்டான். "அண்ணே! ரெண்டு ஞாயித்துக்கிழமண்ணே! எம் பொண்டாட்டி இன்னும் பேசல!"

"நான் வந்து அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்ப்பா."

"வேணாம். நீங்க வந்தா எனக்கும் சேர்த்து விழும்."

தலைமை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கதவுப் பிடிகள் கண்முன்னே வரிசையாகத் தெரிந்தன. கடைசியில், "சரி பண்ண எத்தனை நிமிஷம்?" என்றார்.

"நாப்பது, சார்."

"ஆர்ம் மாத்துறதுக்கு முந்தின அஞ்சாம் தேதிக் கணக்க எடுத்து வையுங்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, "நிக்கறீங்களே, போங்க" என்றார் என்னிடம்.

தட்டு லிஃப்டில் ஏற்றி, அந்த போல்ட்டைத் தளர்த்தினேன். 'டங்'. ஆர்ம் தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம். பட்டறையில் அத்தனை பேருக்கும் கேட்டது. சாஃப்ட்வேர் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டாப்வாட்ச் மூன்று சுற்று போனாள். 51. 50.1. 49.4! இறங்கி வந்து வண்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். "சொன்ன இடத்துக்குப் போகுதுண்ணே. சொல்லாத இடத்துக்குப் போகல. நான் இனிமே வேற வண்டி ஓட்ட மாட்டேன்."

தலைமை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள திட்டணும்னு குறிச்சு வச்சிருக்கேன். 28 முடியட்டும்."

மார்ச் 28, வெள்ளி

நிர்வாகத்திலிருந்து வந்த பெரிய மனிதர் ஒரு சுற்று போய் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்றார். நாலு ரவுண்டு போனார்! ஐந்தாவதுக்கு டயர் இல்லை.

சஸ்பென்ஷன் விற்பனைக்குப் போகிறது. பத்தொன்பது பேரும் இருக்கிறோம். தலைமை மறக்காமல் கூப்பிட்டுக் கால் மணி நேரம் திட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

ஏப்ரல் 9, புதன்

புது சஸ்பென்ஷன் மாட்டிய பதினோராவது வண்டி. பின்கால் போல்ட் இரண்டும் முறுக்கி, வண்டியை வெளியே தள்ளினேன். ஸ்டாப்வாட்ச் வந்தாள், சாவியை வாங்கினாள். எதுவும் கேட்கவில்லை. சீட் பெல்ட்டை மாட்டினாள், போய்விட்டாள்.

வாசலில் நின்று கேட்டேன். இரட்டை வளைவுக்குள் போகிறாள். எஞ்சின் சத்தம் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை; ஆக்ஸிலேட்டரை அவள் விடவே இல்லை.

டீ குடிக்கப் போனேன்.