மீன்பெட்டிக்குள் வைத்த கேக்

இஞ்சாரும் பிலோமினா,

மீன் பிடித்துக் கடலால் வந்ததும் வாசல் படலையில் நின்று கூப்பிடுவதுபோலத்தான் இதையும் தொடங்குகிறேன். நீர் போய் எட்டு மாதம். பாலன் பிறந்த நத்தார் முடிந்து இன்று இரண்டாம் நாள். நடந்ததை உமக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஜெனிற்றா உடுவில் பெடியனைக் கட்டி மூன்று வருடம். அவனுடைய தாய் தகப்பன் சுத்த சைவம். குருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. "அதுகள் ஒருநாள் எங்கடை வீட்டிலை கை நனைச்சால் போதுமப்பா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னீரே. இந்த நத்தாருக்கு மத்தியானம் வருகிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள். அன்றைக்கே போய்ப் புதுச் சட்டி பானை வாங்கினேன்.

கேக்கை நானே செய்தேன். சிரிக்காதேயும். முட்டைக்குப் பதில் ரின்னில் வரும் கட்டிப்பால். கத்திகூடப் புதிது, இந்த வீட்டில் மீன் வெட்டாத கத்தி ஏது? வலை பொத்தின கைக்கு ஐசிங் பை ஒரு வேலையா என்று நினைத்தேன். முதல் ரோசாப்பூ கணவாய் மாதிரி வந்தது. ஐந்தாவது பரவாயில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பட்டர் ஐசிங் வழியத் தொடங்க, பதறிப்போய்க் கேக்கை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் இறக்கி மூடினேன். மீன் வைக்கிற பெட்டி. முப்பது வருடப் பழக்கம், கை தானாகவே அங்கே போய்விட்டது.

எடுத்தபோது பூக்கள் இறுகித்தான் இருந்தன. மணம் மட்டும் சூடை மீன். ஜெனிற்றா மணந்து பார்த்துவிட்டு அழுதாள். "அப்பா, அவை வாற நேரமாச்சு!"

ஐசிங்கை முழுக்கச் சுரண்டி எறிந்தேன். கேக் மொட்டையாக நின்றது. உம்முடைய அலுமாரியைத் திறந்து, நீர் பூசைக்குப் போடும் லேஸ் முக்காட்டை எடுத்தேன். எட்டு மாதத்தில் அதை அன்றைக்குத்தான் தொட்டேன். கேக்கின் மேல் விரித்து, மா அரிக்கும் அரிதட்டால் ஐசிங் சீனியைத் தூவி, மெல்லத் தூக்கினேன். முக்காட்டுப் பூவெல்லாம் கேக்கில் இருந்தது.

சம்பந்தியும் மனைவியும் வந்து மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். கத்தியை எடுத்தேன், வெட்ட முடியவில்லை. தெரியாமல் தின்னட்டும் என்று விடுவதா? நீரென்றால் என்ன செய்திருப்பீர்?

"ஐயா, ஒண்டு சொல்லோணும். இது மீன்பெட்டிக்குள்ளை இருந்த கேக். மேலை சுரண்டிப்போட்டன். எண்டாலும் சொல்லாமல் தரக்கூடாது."

ஜெனிற்றா தலை குனிந்தாள். சம்பந்தி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவோ கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கேட்டார்.

"உந்தப் பூ எப்பிடிப் போட்டனீங்கள்?"

"அவவின்ரை முக்காட்டாலை."

"அப்ப அதை வெட்டாதேங்கோ. மேல்பக்கத்தை அப்பிடியே எடுத்து அவவின்ரை படத்துக்கு வையுங்கோ. எனக்கும் இவருக்கும் அடியிலை ஒரு துண்டு தாங்கோ."

சாப்பிட்டார்கள், பிலோமினா. கை நனைத்துவிட்டார்கள். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

பூப்போட்ட துண்டு உம்முடைய படத்தடியில் இருக்கிறது. எறும்பு வந்துவிட்டது, நான் தட்டவில்லை. அடுத்த நத்தாருக்கும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். அதற்குள் ரோசாப்பூ போடப் பழகிவிடுவேன். கேக்கோடு அந்தப் பெட்டிப் பக்கம் போகமாட்டேன், இது சத்தியம்.

உம்முடைய மனுசன்,
ஜெனிற்றாவின் அப்பா