அப்பாவின் இரண்டு விடைத்தாள்கள்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு நன்றாகப் பசிக்கிறது, அதைவிட நன்றாகக் கோபமும் வருகிறது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

நீ கலங்குவாய் என்று போன வாரம் ஒன்றை மறைத்தேன். பக்கவாதத்தில் விழுந்துபோன வலது கைக்குத் தரும் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தோளைத் தூக்கு, முழங்கையை மடக்கு, விரலை விரி என்று ஒவ்வோர் அசைவாகப் பார்த்து அறுபத்தாறுக்கு மதிப்பெண் போடும் ஒரு சோதனையை வைத்துத்தான் அப்படிச் சொன்னார். அப்பா ஒரு மாதமாக முப்பத்தெட்டிலேயே நின்றார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவர் அல்லவா? முகம் வாடிப்போனது.

பயிற்சி தரும் பெண், எந்தச் சோதனை முன்னேற்றத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறாள். அதற்காக இன்னொரு சோதனையும் வைத்திருந்தாள். மரக்கட்டையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும், டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்ற வேண்டும், கோலிக்குண்டை விரல்நுனியில் பிடிக்க வேண்டும். ஐம்பத்தேழுக்கு. அதில் அப்பா பத்தொன்பதிலிருந்து இருபத்தெட்டுக்கு ஏறியிருக்கிறார்!

இரண்டு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, "ஒரே கை, ஒரே மாசம். எது தப்பும்மா?" என்று கேட்டார். "ரெண்டும் சரிதான் சார். அது கை எப்படி அசையுதுன்னு பாக்குது. இது அந்தக் கையால என்ன வேலை செய்யறீங்கன்னு பாக்குது" என்றாள் அவள்.

"அப்ப ஒரு பேப்பரை மட்டும் பாத்து என்னை ஃபெயிலாக்கலாமா?" என்று பெரிய டாக்டரிடமே போய் நின்றுவிட்டார். டாக்டர் மேசையிலிருந்த தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றியும் காட்டினார் அப்பா. பாதி டம்ளரில், பாதி டாக்டரின் காகிதங்களில். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னும் ஆறு வாரப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை சட்டைப் பொத்தான்களை அப்பாவே போட்டார். கால் மணி நேரம் ஆனது. உதவப் போன என்னை, "பரீட்சை நடக்குது, கிட்ட வராதே" என்று விரட்டிவிட்டார். ஒரு பொத்தான் மேலே, ஒன்று கீழே. நான் சரிசெய்யவில்லை. அப்படியே கடைத்தெரு வரை நடந்து, எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்பேனே, அவர் தூங்கவில்லை. பேச்சு குழறுவது உனக்குத் தெரியக் கூடாது என்று பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுக்கப் போவதில்லை. மணி எவ்வளவு நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே, கண்ணு.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா