இந்தக் காதுகுத்து நிஜம்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். ஜீன்ஸ் இன்னும் காயல. ஈரத்தோடவே மாட்டியாச்சு.

அக்கா அச்சன்புதூர்லேருந்து பிள்ளையோட வந்துட்டா. ஞாயித்துக்கிழமை சாஸ்தா கோயில்ல பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். தாய்மாமன் = நான். கூடப் பிறந்தது நான் ஒருத்தன்தான், போட்டியில்லாம ஜெயிச்சாச்சு.

பாப்பாவ வாங்கக் கைய நீட்டினேன். அக்கா குனிஞ்சு மோந்து பார்த்தா. போலீஸ் நாய் தோத்துரும்.

"ஏலே, சிகரெட் நாத்தம். இந்தக் கையோட என் பிள்ளையத் தொடாத."

"நேத்தே விட்டுட்டேன்க்கா."

"எனக்கே காது குத்துதியா?"

"உனக்கில்ல. உன் பிள்ளைக்கு."

அம்மா சிரிச்சா. அக்கா சிரிக்கல. ஞாயிறு வரைக்கும் நாத்தம் போகலேன்னா சுந்தரம் அண்ணன் மடியில வச்சுக் குத்திருவேன்னுட்டா. பெரியப்பா மகன். பட்டாளத்துலேருந்து லீவுல வந்திருக்கான். அவன் மேல சோப்பு வாடை மட்டும்தான் வரும், மனுஷ வாடையே கிடையாது. 'அண்ணன்'னு கூப்பிடுறவ பிள்ளைக்கு அவனும் மாமன்தானாம்.

நேத்தே விட்டேன்னது பொய். இன்னிக்குத்தான் விட்டேன். அவ மோந்த பிறகு.

ஜூலை 2, புதன்

ஐந்தருவில நல்ல தண்ணி. நல்ல கூட்டம். காலேஜ் லீவு முடியிற வரைக்கும் அண்ணாச்சியோட சிப்ஸ் கடையிலதான் நிக்கேன். எண்ணெய்ச் சட்டிப் புகை மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருக்கு. இது வேண்டாத புகை.

இன்னிக்கு வாயில போட்டது: கிராம்பு. கடலை மிட்டாய். வெள்ளரிக்காய். அண்ணாச்சிக்குத் தெரியாம நேந்திரம் சிப்ஸ். தெரிஞ்சும் நேந்திரம் சிப்ஸ்.

பக்கத்துல மங்குஸ்தான் விக்கிற இசக்கி கடைக்குப் பின்னால வரச்சொல்லிக் கண்ணக் காட்டினான். ஒண்ணாங்கிளாஸ் கூட்டாளி. முதல் சிகரெட்டும் அவன்கூடத்தான். விட்டுட்டேன்லேன்னு சொன்னேன். தரையில உக்காந்து சிரிக்கான்.

"நல்லா காது குத்துதலே. அடுத்து என்ன, காவி கட்டப் போறியா?"

அவனச் சொல்லிக் குத்தமில்ல. போன மாசம் அவன் மங்குஸ்தான் கூடைக்குள்ள குட்டிக் கத்தரிக்காயக் கலந்து வச்சது நான்தான். ரெண்டும் ஒரே கலர். ஒரு மதுரைக்காரர் உரிக்கப் பாத்துட்டுச் சண்டைக்கு வந்துட்டார். அதுலேருந்து நான் என்ன சொன்னாலும் இசக்கிக்குக் கத்தரிக்காதான்.

"தம்பி, உப்பா காரமா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. 'தம்பி'ல தம்மை விட்டுட்டா மிச்சம் என்னன்னு மண்டையில ஓடுச்சு. சொல்லல. எனக்கே சிரிப்பு வரல. உப்பு கேட்டவங்களுக்குக் காரத்தக் கட்டிக் குடுத்துட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

வெயில். நேத்து எழுதல. எழுத ஒண்ணுமில்ல.

இன்னிக்கும்தான் ஒண்ணுமில்ல. கோவம் கோவமா வரும்னு எல்லாரும் சொன்னானுவ. வரல. அழுகையும் வரல. போன் மாதிரி, வைப்ரேட்லகூட இல்ல, சைலண்ட்ல கெடக்கேன். சோறு, குழம்பு, டிவி எல்லாம் ஒரே ருசி.

ரெண்டு விரல் மட்டும் சும்மா இருக்கல. பேனா, ஈர்க்குச்சி, கெடச்சது எதையும் நடுவுல சொருகிக்கிடுது. அடுப்படியில கேரட்டை அப்படிப் பிடிச்சு, வாயில வச்சு, சாம்பலும் தட்டியிருக்கேன். அம்மா பாத்துட்டா. கேரட்டை வாங்கிக் கழுவி சாம்பார்ல போட்டுட்டா.

அண்ணாச்சி: "என்னடே, வாயில கொழுக்கட்டையா? ஒரு பகடியும் காணும்."

"சீசன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

நல்ல பதில்தான். ஆனா வேற எவனோ சொன்ன மாதிரி இருந்துச்சு. ஒருவேளை நக்கல் எல்லாம் அந்தப் புகையிலதான் இருந்துச்சோ. அப்போ இனிமே நான் யாரு, சிப்ஸ் கட்டிக் குடுக்கிறவனா.

பாப்பா தவழ்ந்து என் கால் வரைக்கும் வந்தா. அக்கா வந்து தூக்கிட்டுப் போயிட்டா. மோந்துகூடப் பாக்கல.

ஜூலை 5, சனி

மழையும் சாரலும் மாறி மாறி. இசக்கி ஒரு பாக்கெட்டையே என் சட்டைப் பையில திணிச்சான். "நாளைக்குக் கோயில்ல வந்து கெஞ்சுவ. இப்பமே வச்சுக்க." கூட ஒரு லைட்டர்.

எடுத்துக் குடுத்திருக்கலாம். குடுக்கல. கடைப்பின்னால போனேன். ஒண்ண எடுத்து விரலுக்கு நடுவுல வச்சேன். விரல் ரெண்டும் அப்பாடான்னு இருந்துச்சு. பத்த வைக்கல. ஏன்னும் தெரியல. திரும்பப் பாக்கெட்லயே போட்டுட்டு, போட்ட சட்டையோட நேரா அருவிக்குள்ள தலையக் குடுத்தேன்.

உள்ள நிக்கத் தம் கட்டணும். கட்டுறதுக்கும் அதே தம், அடிக்கிறதுக்கும் அதே தம். எவன் வச்ச பேரோ. முதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம்தான் தோள்பட்டை வலிச்சுது. வலிச்சது நல்லா இருந்துச்சு.

வெளிய வந்தா சட்டைப் பையில ஒரே கூழ். இசக்கி விரல விட்டு எடுத்துப் பாத்தான்.

"ஏலே. நெசமாவே விட்டுட்டியா?"

பாக்கெட் இருந்ததே மறந்துபோச்சுன்னு சொல்லலாம். நம்பமாட்டான். அது உண்மையான்னு எனக்கும் தெரியல.

ஜூலை 6, ஞாயிறு

சாரல் விட்டுடுச்சு. வேட்டி. பெல்ட் போட்டும் பயம்.

சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாலயும் அக்கா என் கைய மோந்தா. ரெண்டு கையும். பிறகு காலர். சுந்தரம் அண்ணன் பக்கத்துலயே பரேடுக்கு நிக்கிற மாதிரி ரெடியா நிக்கான்.

"கிராம்பு வாடை"ன்னா. பிள்ளையத் தந்துட்டா.

கனமா இருந்தா. ஆசாரி மையால பொட்டு வச்சு வலது காதுல குத்தினார். பாப்பா கத்தின கத்துல பூசாரியே திரும்பிப் பாத்தார். அந்த நேரம் பாத்துதான் வந்துச்சு, இந்த வாரத்துல வந்ததிலேயே பெருசா, தொண்டைலேருந்து விரல் நுனி வரைக்கும். ஒண்ணே ஒண்ணு அடிச்சாப் போதும்னு. எந்திரிக்க முடியாது. மடியில பிள்ளை. இன்னொரு காது பாக்கி.

அக்கா கண்ணுல தண்ணி. "ஏலே, எதையாவது சொல்லி அவளச் சிரிக்க வையேன். இத்தன நாளும் வாய் ஓயாது."

குனிஞ்சு பாப்பா காதுல சொன்னேன்: "ஏட்டி, மாமா காது குத்தல. ஆசாரிதான் குத்துதாரு."

பாப்பா சிரிக்கல. அக்கா சிரிச்சுட்டா, அழுதுக்கிட்டே. சுந்தரம் அண்ணனுக்கு யாரோ விளக்கிச் சொன்னாங்க.

ரெண்டாவது காதும் ஆச்சு. கத்திக் கத்தி என் மடியிலயே தூங்கிட்டா. இசக்கி வேப்பமரத்தடியில நின்னு ரெண்டு விரல வாய்க்கிட்ட வச்சுக் காட்டினான், வாறியான்னு. மடியக் காட்டினேன்.

பந்தி ஆரம்பிச்சிருச்சு. கால் மரத்துப் போச்சு. அசைக்கல.