மூன்று நிமிடம் முன்னதாக

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

என் தோழி வீட்டு முகவரிக்கு நீ அனுப்பிய, பழைய ராக்கெட் நம் ஊருக்கு மேலே கடக்கிற நேர அட்டவணை கிடைத்தது. காயப்போட்ட துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் அந்தச் செத்த ராக்கெட்டைப் பார்க்கிறேன். முப்பது வருஷமாக ஓட்ட ஆளில்லாமல் மின்னி மின்னி உருண்டுபோகிறதே! இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு நடுவே, சாப்பாட்டுத் தட்டு அளவு தகடு ஒன்று மோத வருவதை முன்னாலேயே கண்டுபிடித்து, புயல் பார்க்கும் செயற்கைக்கோளை உன் அலுவலகத்தில் நீங்கள் விலக்கிவிட்டீர்களாமே. வகுப்பில் சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

இங்கே அப்பா, நீ போன அன்று சொன்னதையே இன்னும் சொல்கிறார். "வானத்துல குப்பை பொறுக்கப் போனவ பேச்சு இந்த வீட்ல வேணாம். கடிதாசி கிடிதாசி போச்சுன்னா உன் படிப்பும் அதோட சரி." அம்மா மட்டும், "அவ பொறுக்கலேன்னா உங்க டிவி தெரியாது" என்று முணுமுணுத்தாள்.

போன வாரம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். மாடி ஏறவில்லை. பிறகு, ராக்கெட் வரும் நேரத்தைக் குறித்துவைத்து தலையணை உறைக்குள் ஒளித்திருந்த நோட்டை எடுத்தால், அந்த மூன்று நாளுக்கும் யாரோ நேரம் குறித்திருந்தார்கள். உன் கையெழுத்தில் இருக்கும் அட்டவணையும் உள்ளேதான் இருந்தது.

அப்பாதான், அக்கா. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக அவர் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. "வந்தது. ஒரு நிமிடம் முன்னதாக." மறுநாள், "இரண்டு நிமிடம் முன்னதாக." அதற்கு மறுநாள், "மூன்று நிமிடம் முன்னதாக. ஓட்டுநர் விளக்கம் தரவும்."

சிரிப்பு வந்தது. உடனே நோட்டை மறுபடி உறைக்குள் திணித்தேன். இரண்டு நாளாக அவர் என்னைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், போய்விடுகிறார்.

முன்பே அது கொஞ்சம் முன்னதாக வந்தபோது, என் கடிகாரம்தான் தப்பு என்று நினைத்திருந்தேன். அப்பாவின் கடிகாரம் தப்பாது, உனக்கே தெரியும். கீழே இறங்க இறங்க சீக்கிரம் சுற்றிவரும் என்று எழுதியிருந்தாயே, அப்படியானால் அது இறங்குகிறதா? இந்த நேரங்களை மட்டும் உன் அலுவலகத்தில் காட்டு.

படிப்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அடுத்த அட்டவணையில் இரண்டு பிரதி அனுப்பு. ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுது. அப்பாவுக்கு இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமல்

கதவு தட்டுகிற சத்தம்