புலிநகம்

14-8-1991, புதன்

லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்த படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கொலம்பஸ் போவதற்கு முன்பே அமெரிக்காவில் செய்த தங்க நகைகள்: முதலை, வௌவால், ஜாகுவாரின் பல். பயப்படும் மிருகத்தையே கழுத்தில் போட்டுக்கொண்டால் அதன் பலம் நமக்கு வந்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்தால் பாப்பா கழுத்தில் தங்கம் கட்டிய புலிநகம்! பால்காரக் கன்னியம்மாவின் யோசனை. "கொயந்தைக்குத் தூக்கித் தூக்கிப் போடுதே, இத்த மாட்டு, பயப்படாது" என்றாளாம்.

ஆவடியில் ஏது புலி? பாப்பா அலறுவதெல்லாம் ஃபேக்டரியில் நாங்கள் ராணுவ டாங்கியை ஓட்டிப் பார்க்கும் சத்தத்துக்கு. அந்த அமெரிக்கக்காரர்கள் கணக்குப்படி இவள் கழுத்தில் தொங்கவேண்டியது தங்க டாங்கி. மனைவியிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "டாங்கி எதுக்கு? அதைச் செய்யற உங்க போட்டோவையே மாட்டிடலாம்" என்றாள்.